வெறுந்தட்டு திரும்பாத வீடு

புகார் சொல்லப் போகும்போது வெறுங்கையோடு போவது எங்கள் மலையில் வழக்கமில்லை. அதனால், பக்கத்து வீட்டு நாய்களைப் பற்றிக் கேட்டே தீருவது என்று முடிவு செய்த அன்று நான் முதலில் செய்த காரியம் மாவு பிசைந்ததுதான்.

பிளம் ஜாமைத் தாராளமாகப் பரப்பி, மேலே மாவுக் கீற்றுகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டு, கிரோஸ்தாத்தா என்கிற எங்கள் ஊர் ஜாம் பலகாரம் ஒன்று சுட்டேன். கல்யாணத்துக்கு மாமியார் கொடுத்த நீலத் தட்டில் வைத்து, துணியால் மூடிக்கொண்டு, ஒலிவ மரங்களுக்கு நடுவே போகும் பாதையில் லெயார்கோ மாமா வீட்டுக்கு நடந்தேன். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். 'மாமா, எங்க வீட்டுக்காரர் ராத்திரியெல்லாம் ரொட்டி சுடுறார். பகல்லதான் தூங்கணும். உங்க நாய்ங்க தூங்க விட மாட்டேங்குது.' அவ்வளவுதான். பாலர் பள்ளியில் முப்பது குழந்தைகளை அதட்டுகிறவள் நான். இது ஒரு பெரிய விஷயமா?

லெயார்கோ மாமா வாசலில் உட்கார்ந்து வால்நட் உடைத்துக்கொண்டிருந்தார். அறுபதைத் தாண்டியவர், மனைவியை இழந்தவர், ஊரின் காட்டுப்பன்றி வேட்டைக் குழுவில் பழைய ஆள். அவருடைய மூன்று வேட்டை நாய்களும் கம்பி வேலிக்குப் பின்னால் கோயில் சிலைகள் மாதிரி அமைதியாகப் படுத்திருந்தன. ட்ரோம்பா, ஃபூரியா, பெப்பா. ட்ரோம்பா என்றால் ஊதுகொம்பு. அது வாயைத் திறந்தால் பள்ளத்தாக்கின் அந்தப் பக்கம் வரை கேட்கும். அன்றைக்கு என்னவோ கொட்டாவிகூட விடவில்லை.

"அடடே, நீவெஸ்! வா, வா. உட்காரு. சாப்டியா?"

"சாப்டேன் மாமா. நான் எதுக்கு வந்தேன்னா..."

"கையில என்ன அது? கிரோஸ்தாத்தாவா?" துணியை விலக்கி முகர்ந்தார். "என் பொண்டாட்டி போனதுக்கப்புறம் இந்த வீட்டுக்குள்ள ஜாம் வாசனையே வரலம்மா."

இதற்கு மேல் எப்படி ஆரம்பிப்பது? இருந்தாலும் விடவில்லை. "மாமா, உங்க நாய்ங்க..."

"அழகா இருக்குல்ல?" என்றார், முகம் மலர.

"இருக்கு" என்றேன்.

ஒரு சின்னக் கோப்பை இனிப்பு ஒயின் குடித்துவிட்டு எழுந்தபோது, தட்டைக் கேட்டேன். அவர் பதறிப்போனார். "வெறுந்தட்டா? நல்லாருக்கே! எங்கம்மா கல்லறையிலேருந்து எந்திரிச்சு வந்து அடிப்பா. நாளைக்கு நானே கொண்டாறேன்."

மறுநாள் தட்டு வந்தது, அதன்மேல் அவர் கையால் செய்த காட்டுப்பன்றி சாசேஜ் மாலைபோலச் சுற்றி வைக்கப்பட்டு. சாசேஜை வாங்கிக்கொண்டே, அதைக் கொடுத்தவரின் நாயைக் குறை சொல்ல நாக்கு வருமா? வரவில்லை. அதோடு போயிற்றா? சாசேஜ் சாப்பிட்ட தட்டை நானும் காலியாகத் திருப்பக் கூடாதே. தக்காளி நிரப்பி அனுப்பினேன். முட்டையாக வந்தது. அந்த முட்டையில் கேக் செய்து அனுப்பினேன். காளானாக வந்தது. செப்டம்பர் முழுக்க நீலத் தட்டு ஒலிவ மரங்களுக்கிடையே போய் வந்துகொண்டிருந்தது. புகார் மட்டும் என் தொண்டையிலேயே இருந்தது.

இங்கே என் கணவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எலியோவுக்கும் எனக்கும் மே மாதம் கல்யாணமானது. கீழே பள்ளத்தாக்கு நகரத்தில் ஒரு பேக்கரியில் வேலை. ஊர் அடங்கும்போது கிளம்பி, ஊர் விழிக்கும்போது கைநிறையச் சூடான ரொட்டியோடு வருவார். அவர் வருவதும் நான் பள்ளிக்குக் கிளம்புவதும் ஒரே நேரம். எங்கள் காதலில் பாதி அந்த வாசல்படியிலேயே நடந்தது என்று சொல்லலாம். மாவு படிந்த புருவத்தோடு என்னை முத்தமிடுவார். நான் வெள்ளை மூக்கோடு பள்ளிக்குப் போவேன். குழந்தைகள் கைகொட்டிச் சிரிக்கும்.

அவர் படுத்துக் கண் அசரும் நேரத்துக்குத்தான் நாய்கள் ஆரம்பிக்கும். முதலில் ட்ரோம்பா. பிறகு மற்ற இரண்டும் பின்பாட்டு. கொஞ்ச நேரம் ஓய்வு. மறுபடியும். மத்தியானம் வரை இதே கச்சேரி. காதில் மெழுகு வைத்துப் பார்த்தார். ஜன்னலை இறுக மூடிக் கம்பளி தொங்கவிட்டோம். தலையணையைத் தலைக்கு மேல் போட்டுத் தூங்கி, மூச்சு முட்டி எழுந்தார். அக்டோபர் வந்தபோது கண்ணுக்குக் கீழே கத்தரிக்காய் நிறம். ஒருநாள் அடுப்பு முன்னால் நின்றபடியே தூங்கிவிட்டார். ஒரு அடுப்பு ரொட்டி கரியாகிவிட்டது.

அந்தச் செய்தி என் மாமியார் காதுக்குப் போனது. ஒர்சோலா அத்தை பள்ளத்தாக்குக்கு எதிர்ப்புற மலையில், போஜ்ஜோமோரோவில் இருப்பவர். எங்கள் ஊர் ரோக்காவேர்தே. இரண்டு ஊர்களுக்கும் பல தலைமுறைப் பகை. எங்கள் மணிக்கூண்டின் மணியை அவர்கள் திருடிக்கொண்டு போனார்கள் என்று நாங்கள் சொல்வோம். நாங்கள் அதைச் சீட்டாட்டத்தில் தோற்றோம் என்று அவர்கள் சொல்வார்கள். அந்த ஊர்ப் பையனை நான் கட்டிக்கொண்டதையே இங்கே பலர் இன்னும் ஜீரணிக்கவில்லை.

அத்தை வியாழக்கிழமைதோறும் பஸ் பிடித்து வந்து, மகன் தூங்குகிற நேரத்தில் சமைத்து வைத்துவிட்டுப் போவார். அந்த வியாழக்கிழமை நான் பள்ளியிலிருந்து வரும்வரை காத்திருந்தார்.

"இங்க பாரு நீவெஸ். உன்மேல எனக்கு ஒண்ணும் கோவம் கிடையாது. ஆனா என் புள்ள தூக்கமில்லாமச் சாகணுமா? நம்ம வீட்டுல பின்கட்டு ரூம் சும்மாக் கெடக்கு. செவுரு இந்தா, இவ்வளவு தடிமன். ஈ பறந்தாக்கூடக் கேக்காது."

"நாய்ங்கள ஏதாவது செஞ்சுடலாம் அத்தை."

"என்னத்த செய்வ? கேக் சுட்டு அனுப்புவியா? புனித மார்ட்டின் நாளைக்கு உன் மச்சான் வேனோட வரேன்னிருக்கான். அதுக்குள்ள அந்த நாய்ங்க வாயை மூடுச்சுன்னா நீங்க இங்க இருங்க. இல்லேன்னா கட்டிலத் தூக்கி வேன்ல போடு."

புனித மார்ட்டின் நாள் நவம்பரில் வரும். புது ஒயின் பீப்பாயைத் திறப்பதும், கஷ்கொட்டை சுடுவதும் அன்றைக்குத்தான். எங்கள் பக்கம் குத்தகை முடிந்து வீடு மாறுகிறவர்கள் மாறுவதும் அன்றைக்குத்தான். யாராவது 'மார்ட்டின் செய்தார்கள்' என்றால் மூட்டை கட்டிவிட்டார்கள் என்று அர்த்தம்.

தூக்கம் கலைந்து எழுந்து வந்திருந்த எலியோவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"ஒரு ராத்திரி கார் ஓட்டும்போதும் கண்ணு சொக்கிருச்சு நீவெஸ்" என்றார் மெதுவாக. "ஒனக்குச் சொல்லல."

அதற்குப் பிறகு நான் வாதாடவில்லை. இந்த வீடு என் பெரியம்மா சாகும்போது எனக்கென்று விட்டுப்போனது. கல்யாணத்துக்கு முன்பே நாங்கள் இருவரும் சேர்ந்து ஒவ்வொரு சுவராக வெள்ளையடித்தது. சமையலறை ஜன்னலைத் திறந்தால் என் பள்ளிக்கூடத்துக் கூரை தெரியும். போஜ்ஜோமோரோ போனால் அந்தக் குழந்தைகளும் போய்விடுவார்கள், வாசல்படி முத்தமும் போய்விடும். ஆனால் தூக்கக் கலக்கத்தில் மலைப்பாதையில் காரோட்டும் கணவனைவிட எந்தச் சுவரும் பெரிதில்லை.

எனவே மறுநாள், தட்டில் ஆப்பிள்களோடு போய், கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட்டேன். "மாமா, உங்க நாய்ங்க குரைக்கிறதுல எலியோ தூங்கவே முடியல."

லெயார்கோ மாமா கோபித்துக்கொள்ளவில்லை. மீசையைத் தடவிக்கொண்டு யோசித்தார்.

"அது நாய்ங்க தப்பில்லம்மா. எங்க நாய்ங்க நம்ம ஊர்க்காரன் யாரைப் பாத்தும் அநாவசியமா வாயத் தொறக்காது. உன் வீட்டுக்காரன் மேல போஜ்ஜோமோரோ வாடை அடிக்குது. அதுக்கு நாய் என்ன செய்யும்?"

"அஞ்சு மாசமா இங்கதானே மாமா குளிக்கிறார்!"

"அது தோல்ல இருக்கறது இல்ல, ரத்தத்துல இருக்கறது." உள்ளே போய் ஒரு பழைய வேட்டைச் சட்டையைக் கொண்டுவந்தார். "இத ஜன்னல்ல தொங்க விடு. என் வாடை அடிச்சா நம்ம ஆளுன்னு நெனச்சு அடங்கிரும்."

தொங்கவிட்டோம். அன்று நாய்கள் முன்னெப்போதும் இல்லாத வகையில் குரைத்தன. ட்ரோம்பா வேலிமேல் முன்னங்காலைத் தூக்கி வைத்து, அந்தச் சட்டைப் பையைப் பார்த்துப் பார்த்து ஊதியது. எலியோ தலையில் கைவைத்துக்கொண்டு சிரித்தார். "போதும்டி. நான் பொறந்த ஊரு என்னைக் காட்டிக் குடுத்துருச்சு."

எனக்கும் அந்த நாய்களுக்கும் மட்டும் தெரிந்த ஒரு விஷயம் உண்டு. சனிக்கிழமை எனக்குப் பள்ளி கிடையாது. அன்றைக்கு அவை குரைக்க ஆரம்பித்ததும், நான் ஓசைப்படாமல் பின்வாசல் வழியாகப் போய், வேலிக்கு மேலாக ஆளுக்கொரு துண்டு பழைய ரொட்டி போடுவேன். உடனே அமைதி. பேக்கரிக்காரன் வீட்டில் பழைய ரொட்டிக்கா பஞ்சம்? ஆனால் இதை நான் லெயார்கோ மாமாவிடம் சொல்ல முடியாது. வேட்டை நாய் எஜமான் கையால் மட்டும்தான் தின்ன வேண்டும், அந்நியர் கையால் தின்றால் காட்டில் சொன்னபடி கேட்காது என்பது எங்கள் வேட்டைக்காரர்களின் சட்டம். எலியோவிடமும் சொல்ல முடியாது. "ரோக்காவேர்தே நாய்க்கு என் ரொட்டியில ஒரு துணுக்குகூடக் கிடையாது!" என்று அவர் சபதமே போட்டிருந்தார்.

இடையில் வேட்டைக் காலம் தொடங்கியது. முதல் ஞாயிறே லெயார்கோ மாமா தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பினார். நாய்கள் பாதி மலை ஏறியதும் நாக்கைத் தள்ளிக்கொண்டு உட்கார்ந்துவிட்டனவாம். ட்ரோம்பாவை உருட்டித்தான் இறக்க வேண்டும்போலிருக்கிறது என்று குழுவில் எல்லாரும் கேலி செய்தார்களாம்.

"சாயங்காலம் ஒரு வேளைதான் போடுறேன் நீவெஸ். அளந்துதான் போடுறேன். எப்படி இப்படிப் பெருக்குது? ஏதோ நோவுன்னு தோணுது" என்று கண் கலங்கினார். நான் என் ஏப்ரன் பையைத் தடவிக்கொண்டே, "பாவம்" என்றேன். வாரத்துக்கொரு நாள் நான் போடும் ரொட்டியில் ஒரு நாய் பீப்பாயாகிவிடுமா என்ன?

புனித மார்ட்டின் நாள் நல்ல வெயிலோடு விடிந்தது. ஒர்சோலா அத்தை வேனில் முன்சீட்டில் உட்கார்ந்து வந்தார். ஓட்டிவந்த மச்சான் கட்டிலைக் கழற்றத் திருப்புளியோடு வந்திருந்தான். ஆனால் பண்டிகை நாளில் சாப்பிடாமல் கட்டிலைக் கழற்றுவது எந்த ஊர் நியாயம்? தோட்டத்தில் மேசை போட்டேன். கஷ்கொட்டை சுட்டேன். பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடாமல் இருக்க முடியுமா? லெயார்கோ மாமா நீலத் தட்டில் பன்றிக்கறியும், இன்னொரு கையில் புது ஒயினும் எடுத்துக்கொண்டு வந்தார். அவர் பின்னால் மூன்று நாய்களும் குண்டு குண்டாக ஆடி வந்தன. "கடைசி நாளு. விடை குடுக்கட்டும்னு கூட்டியாந்தேன்" என்றார்.

அத்தை அவரை மேலும் கீழும் பார்த்தார். "ஓ, நீங்கதானா அந்த நாய்ப் பண்ணை?"

"நீங்கதானா அந்த மணித்திருட்டு ஊரு?"

"சீட்டுல ஜெயிச்சது."

"கள்ளச் சீட்டு."

"ஒயின் ஊத்துங்க முதல்ல. அப்புறம் பாக்கலாம் யாரு கள்ளம்னு."

கொஞ்ச நேரம் எல்லாம் சுமுகமாகத்தான் போனது. ஐந்து பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை. நாய்களுக்கும் அது முதல் தடவை. அவை மேசையைச் சுற்றிக் குழம்பிப்போய் நின்றன. ட்ரோம்பா என்னைப் பார்த்தது. பிறகு எலியோவை. பிறகு அத்தையை. யாரிடம் ஆரம்பிப்பது என்று புரியாமல், கடைசியில் தலையை அண்ணாந்து, பொதுவாக எல்லாருக்குமாகச் சேர்த்து ஒரு முழக்கம் விட்டது பாருங்கள், கோப்பைகள் அதிர்ந்தன. மற்ற இரண்டும் சேர்ந்துகொண்டன.

கை பழகிவிட்டது என்றால் மூளையைக் கேட்காது. என் கை ஏப்ரன் பைக்குள் போய் ரொட்டித் துண்டோடு வெளியே வந்தது. அதை அவசரமாக மறைக்கப் பார்த்தபோதுதான் எதிரே பார்த்தேன். எலியோவின் கை கால்சட்டைப் பையிலிருந்து வெளியே வந்திருந்தது. அதில் ஒரு ரொட்டி முனை. ஒர்சோலா அத்தையின் கைப்பை திறந்திருந்தது. அவர் விரல்களுக்கிடையே ஒரு பிஸ்கட். லெயார்கோ மாமா வேட்டைச் சட்டைப் பைக்குள் விட்ட கையை எடுத்திருந்தார், கைநிறையத் துணுக்குகளோடு.

நான்கு கைகள் மேசைக்கு மேல் அப்படியே நின்றன. மச்சான் மட்டும் திருப்புளியைப் பிடித்துக்கொண்டு எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தான். "என்ன, ஏதாவது சீட்டாட்டமா?" என்றான்.

"எலியோ!" என்றேன். "ஒரு துணுக்குகூடக் கிடையாதுன்னு சொன்னீங்க!"

"பாதித் தூக்கத்துல ஜன்னலத் தொறந்து ஒண்ணு வீசினா அடங்குதுடி. அரைமணி தூங்கலாம். மறுபடி குரைச்சா மறுபடி வீசுவேன்."

கட்டிலில் தினமும் துணுக்கு கிடந்ததற்கு இப்போதுதான் அர்த்தம் தெரிந்தது. தூக்கத்தில் தின்கிறார் என்று நினைத்து நான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

"அத்தை, நீங்களுமா?"

"பின்ன? வியாழக்கிழமை வந்து கதவத் தட்றதுக்கு முன்னாடியே குரைக்குதுங்க. என் புள்ள எந்திரிச்சுறக் கூடாதேன்னு..." அவர் முகம் சிவந்தது. "வெண்ணெய் பிஸ்கட்டு. எங்க ஊர்க் கடையில வாங்கினது. நல்லதுதான்."

லெயார்கோ மாமா எல்லாரையும் விட மெதுவாகப் பேசினார். "என் பங்கையும் சொல்லிடறேன். இதுங்க கத்தறப்பல்லாம், ஐயோ அந்த ரொட்டிக்காரப் பையன் தூங்கறானேன்னு நான்தான் ஓடிப்போய் ஒரு துண்டு போடுவேன். நீ மொத நாள் தட்டோட வந்தப்பவே தெரியும், நாய்ங்க விஷயமாத்தான் நீ வந்திருக்கன்னு. சும்மா யாரு அவ்வளவு ஜாம் வைப்பா?"

"தெரிஞ்சுமா மாமா போஜ்ஜோமோரோ வாடைன்னு சொன்னீங்க?"

"எஜமானே கண்ட நேரத்துல தீனி போட்டுக் கெடுக்கறான்னு வேட்டைக் குழுவுக்குத் தெரிஞ்சா என் மானம் என்னாவறது?"

அத்தைதான் முதலில் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு என்றால் சாதாரணச் சிரிப்பில்லை, மேசையைத் தட்டித் தட்டி, கண்ணில் நீர் வழிய. "குரைச்சா ரொட்டி! குரைச்சா பிஸ்கட்டு! நாலு சமையக்காரங்கள வச்சிருக்குதுங்க! நானா இருந்தாலும் நாள் முழுக்கக் குரைப்பேன்!"

சிரித்து ஓய்ந்த பிறகு லெயார்கோ மாமா ஒரு காரியம் செய்தார். கையை மூடி மடியில் வைத்துக்கொண்டு, நாய்களைப் பார்க்காமல் உட்கார்ந்தார். எங்களையும் அப்படியே செய்யச் சொன்னார். ட்ரோம்பா ஊதியது. யாரும் அசையவில்லை. மறுபடி ஊதியது. எங்கள் முகங்களைப் பார்த்தது. பெருமூச்சு விட்டுப் படுத்தது. படுத்த பிறகு, அப்போதுதான், ஒரு சின்னத் துண்டை அதன் வாயருகே வைத்தார்.

"இப்படித்தான் குட்டியில பழக்கினேன். இனிமே தீனி ஒரே கையால. காலைல எலியோ வந்ததும் அவன் குடுக்கட்டும், அதுங்க வாய மூடிக்கிட்டு இருந்தா. அதுக்கப்புறம் ஊரே இடிஞ்சாலும் யாரும் ஒண்ணும் போடக் கூடாது."

"போஜ்ஜோமோரோக்காரன் கையாலயா?" என்று கேட்டார் எலியோ.

"ரெண்டு வாரம் ஆகும். மொதல்ல இன்னும் மோசமாக் கத்தும். தாங்குவியா?"

எலியோ என்னைப் பார்த்தார். பிறகு தன் அம்மாவை. "தாங்கறேன்."

எல்லாரும் அத்தையைப் பார்த்தோம். அவர் கஷ்கொட்டைத் தோலை மிகக் கவனமாக உரித்துக்கொண்டிருந்தார்.

"வேன் அவ்வளவு தூரம் வந்துருச்சே" என்றார் கடைசியில். "வெறும் வேனாத் திரும்பினா ஊர்ல என்ன சொல்வாங்க?"

லெயார்கோ மாமா துள்ளி எழுந்தார். "வெறும் வேனா? எங்க ஊருலேருந்தா?" அடுத்த ஒரு மணி நேரம் மச்சானும் எலியோவும் அவருமாக, கட்டில் ஏற வேண்டிய இடத்தில் ஓக் விறகு ஏற்றினார்கள். அதன்மேல் ஒரு பெரிய கூடை வால்நட். முன்சீட்டில் அத்தையின் மடியில், துணி மூடிய நீலத் தட்டு. உள்ளே என்ன இருந்தது என்று அத்தை இன்றுவரை எனக்குச் சொல்லவில்லை.

முதல் வாரம் உண்மையிலேயே பயங்கரம். பள்ளியில் சொல்லி, குழந்தைகள் மத்தியானம் தூங்கும் அறையில் இரண்டு சின்னக் கட்டில்களைச் சேர்த்துப் போட்டு எலியோவைப் படுக்க வைத்தேன். முழங்காலுக்குக் கீழே கால் வெளியே தொங்கும். குழந்தைகள் விரல்நுனியில் நடந்து வந்து அவர் மூக்கில் மாவு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போகும்.

பிறகு ஒரு நாள் மத்தியானம் நான் வீட்டுக்கு வந்தபோது ஏதோ குறைகிற மாதிரி இருந்தது. வாசலில் நின்று காதைத் தீட்டினேன். ஜன்னலுக்குள்ளிருந்து எலியோவின் குறட்டை மட்டும் கேட்டது. வேலிக்குப் பின்னால் ட்ரோம்பா என்னைப் பார்த்தது. என் கை பழக்கத்தில் ஏப்ரன் பைக்குள் போனது. காலி. ட்ரோம்பா வாலை ஒரு தடவை ஆட்டிவிட்டு, தலையைக் கால்மேல் வைத்துக்கொண்டது. கொஞ்சம் இளைத்துக்கூட இருந்தது.

உள்ளே போய், செருப்பைக் கழற்றிவிட்டு, சத்தமில்லாமல் அவர் பக்கத்தில் படுத்தேன். கண்ணைத் திறக்காமலே என் மூக்கைத் தொட்டார். மாவு ஒட்டி அது வெள்ளையானது.

இப்போது சமையலறை அலமாரியில் நீலத் தட்டு இல்லை. வியாழக்கிழமைகளில் பஸ்ஸிலிருந்து இறங்கும் அத்தை அதைக் கையில் ஏந்திக்கொண்டு எங்கள் வாசலைத் தாண்டி நேராக ஒலிவ மரங்களுக்குள் போய்விடுகிறார். சாயங்காலம் லெயார்கோ மாமா, தலைவாரி, சட்டைப் பொத்தானெல்லாம் போட்டு, அதே தட்டோடு அவரைப் பஸ் வரை கொண்டுவிடுகிறார்.

"அத்தை, அது எங்க கல்யாணத் தட்டு. எப்ப திருப்பித் தருவீங்க?" என்று போன வாரம் கேட்டேன்.

"காலியாகட்டும், தரேன்" என்றார்.